ஈ எப்படிப் பறக்கிறது, அதன் மூளை என்ன சொல்கிறது: கேள்வி பதில்

கேள்வி: ஈ நொடிக்கு 200 முறை சிறகடிக்கிறதாமே, நரம்பு அவ்வளவு வேகமாகக் கட்டளையிடுமா?

பதில்: 200 பழ ஈயின் கணக்கு. எந்த ஈ என்று சொல்லாமல் எண்ணைப் பேசாதீர்கள். மார்புக்குள் இரண்டு தசைத் தொகுதிகள் உண்டு: ஒன்று நெடுக்காக, மற்றது மேல்கீழாக. நெடுக்குத் தசை சுருங்கினால் முதுகின் ஓடு மேலே வளைந்து சிறகு தாழும். அந்த அசைவே மேல்கீழ்த் தசையை இழுக்கும். இழுபட்ட தசை தானாகச் சுருங்கும். சிறகு எழும், நெடுக்குத் தசை இழுபடும். நரம்பு நொடிக்கு ஐந்து, பத்துத் துடிப்பு அனுப்பித் தசையில் சுருங்கத் தேவையான கால்சியத்தைத் தக்கவைத்தால் போதும். திருப்புவது வேறு வேலை. அதற்கு ஒவ்வொரு சிறகின் அடியிலும் 12 சிறு தசைகள்.

கேள்வி: பின்சிறகு இல்லாமல் எப்படிச் சமநிலை?

பதில்: பின்சிறகுதான் ஹால்ட்டியர் என்ற குமிழாக மாறியிருக்கிறது. சிறகுக்கு எதிர்த்திசையில் அதிரும். உடல் திரும்பினால் அதன் அடிப்பகுதி வளைவதை உணரிகள் அறியும். அதை வெட்டினால் ஈ நிலைகுலையும் என்று வில்லியம் டெர்ஹாம் 1714லேயே காட்டினார்.

கேள்வி: ஆய்வுக்காக ஊசியில் ஒட்டிய பழ ஈ பறக்க மறுக்கிறது.

பதில்: கார்பன் டை ஆக்சைடில் மயக்கினீர்களா? வேண்டாம், அதன் தாக்கம் நீடிக்கும். 4 டிகிரிக் குளிரில் மயக்குங்கள். 0.1 மி.மீ. டங்ஸ்டன் ஊசியை முதுகின் முன்பகுதியில் ஒட்டுங்கள். பசை சிறகின் மூட்டுக்கு வழிந்தால் அந்த ஈ வீண். காலால் ஒரு காகிதத் துண்டைப் பிடிக்கவிட்டு, ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து, பிறகு அதை எடுங்கள். பாதம் பிடி இழந்தால்தான் பறத்தல் தொடங்கும். அப்படியும் பறக்காவிட்டால் மெல்ல ஊதுங்கள்.

கேள்வி: ஈயை ஏன் அடிக்கவே முடிவதில்லை?

பதில்: பெரிதாகி வரும் நிழலைக் கண்டதுமே கால்களை மாற்றி ஊன்றி, எதிர்ப்புறம் தாவத் தயாராகிவிடுகிறது.

கேள்வி: கையை வீசினால் எப்படித் தப்புகிறது?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: 2024இல் பழ ஈயின் மூளை வரைபடம் முழுமையாகிவிட்டதே, இனி நடத்தையைக் கணிக்கலாம்தானே?

பதில்: 1,39,255 நரம்பணுக்கள், 5 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள். ஆனால் அந்த 2024 வரைபடம் கழுத்தோடு நின்றுவிட்டது. சிறகுத் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மார்பில். பறக்கும்போது ஆக்டோபமைன் என்ற நரம்பு வேதிப்பொருள் பெருகி, அதே காட்சிக்கு மூளையின் பார்வை நரம்பணுக்கள் கூடுதலாக எதிர்வினை தருகின்றன. இணைப்பு மாறவில்லை, நிலை மாறியது.

கேள்வி: அப்படியானால் வரைபடம் எதற்கு?

பதில்: பயனற்றது என்று நான் சொல்லவில்லை! ஈயின் மூளையில் வளைய வடிவப் பகுதி ஒன்று திசைகாட்டிபோல இயங்குவதை 2015இல் பதிவுசெய்தார்கள். இருட்டிலும் அது திசையை நினைவில் வைத்திருக்கிறது. ஈ திரும்பும்போது அந்தப் பகுதியின் நரம்புத் துடிப்பு எந்த நரம்பணுக்கள் வழியாக நகர்கிறது என்பதை வரைபடம் காட்டுகிறது. எந்த நரம்பணுவை அடக்கிச் சோதிப்பது என்பதற்கு அதுதான் வழிகாட்டி. சோதனை செய்யாமல் வரைபடத்தைப் பார்த்தே முடிவு கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

கேள்வி: வீட்டு ஈயை விரட்ட மருந்து?

பதில்: என் துறையில்லை, பூச்சிக் கட்டுப்பாடு தெரிந்தவரிடம் கேளுங்கள். எந்த ஈ என்று சொன்னதற்கு நன்றி.