டிராக்கரை மாற்றினால் பழைய வழு எண்கள் என்ன ஆகும்?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் வழுப் (பக்) பதிவுகள் சுமார் 9,000, சொந்த சர்வரில் ஓடும் பக்ஸில்லா என்ற டிராக்கரில் (வழுக்களைப் பதிந்து பின்தொடரும் மென்பொருளில்) இருக்கின்றன. நிரல் (கோடு) பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள இஷ்யூ என்ற வழுப் பதிவு வசதிக்கு மாறப் போகிறோம். புல் ரிக்வெஸ்ட்டுகள் (கோடு மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகள்) ஏற்கெனவே அங்கேதான் வருகின்றன. வழு 4821 அங்கேயும் 4821 ஆகவே இருக்குமா?

பதில்: இருக்காது. கிட்ஹப்பில் இஷ்யூவுக்கும் புல் ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரே எண் வரிசைதான். புல் ரிக்வெஸ்ட் எடுத்துக்கொண்ட எண் இனிக் கிடைக்காது. பைதான் திட்டம் 2022 ஏப்ரலில் ரவுண்டப் என்ற தன் பழைய டிராக்கரை விட்டு கிட்ஹப்புக்கு வந்தபோதும் பதிவுகளுக்குப் புது எண்களே கிடைத்தன. பழைய எண்ணை ‘பிபிஓ’ என்ற முன்னொட்டாலும் புது எண்ணை ‘ஜிஹெச்’ என்ற முன்னொட்டாலும் பிரித்துக் காட்டுகிறார்கள். நீங்களும் இப்படி ஒரு முன்னொட்டை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். (கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லாப்பில் இஷ்யூவுக்கும் கோடு மாற்றக் கோரிக்கைக்கும் தனித்தனி வரிசை. திட்டத்தின் உரிமையாளர் ஏபிஐ (ஸ்கிரிப்ட் நேரடியாகத் தளத்தோடு பேசும் வழி) வழியாக எண்ணையும் தேதியையும் தாமே கொடுக்கலாம். எண் மாறவே கூடாது என்பவர்கள் அதைப் பரிசீலிக்க வேண்டும்.)

இந்த வேலையில் மற்ற எதையும்விட முக்கியம், பழைய எண்ணுக்கு எந்தப் புது எண் என்று சொல்லும் அட்டவணை. பல வருடக் கமிட் (சேமித்த ஒவ்வொரு கோடு மாற்றம்) செய்திகளிலும் கோடின் குறிப்புரைகளிலும் பழைய எண்தான் இருக்கிறது. கமிட் வரலாற்றைத் திருத்தி எழுதப் போகாதீர்கள். கமிட்டுகளின் அடையாளக் குறியான ஹாஷ் எல்லாம் மாறி, எல்லோருடைய பிரதிகளும் பொருந்தாமல் போகும்.

பதிவுகளின் உள்ளேயும் ‘#4821 பார்க்க’ என்று இருக்கும். அப்படியே ஏற்றினால் சம்பந்தமில்லாத ஒரு புல் ரிக்வெஸ்ட்டுக்குப் போகும். உடைந்த இணைப்பைவிட இது மோசம். உடைந்தது என்றால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். வழு 200, பிறகு வந்த 900ஐச் சுட்டலாம் என்பதால் ஒரே சுற்றில் இதை முடிக்க முடியாது. முதல் சுற்றில் எல்லாவற்றையும் உருவாக்கி அட்டவணையை நிரப்புங்கள். இரண்டாம் சுற்றில் உரைக்குள் இருக்கும் எண்களை மாற்றுங்கள்.

கேள்வி: சோதனை ஓட்டத்தில் எங்கள் ஸ்கிரிப்ட் கொஞ்ச நேரத்திலேயே 403 (அனுமதி மறுப்பு) பிழையோடு நின்றுவிடுகிறது. மணிக்கு 5,000 கோரிக்கை வரை போகலாம் என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: அது பொதுவான வரம்பு. இஷ்யூ, கமென்ட் போன்றவற்றைப் புதிதாக உருவாக்குவதற்குத் தனி வரம்பு உண்டு: பொதுவாக நிமிடத்துக்கு 80, மணிக்கு 500. 9,000 பதிவு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கமென்ட் என்று வைத்தால் 54,000 கோரிக்கைகள். மணிக்கு 500 வீதம் 108 மணி நேரம், அதாவது நாலரை நாள்.

ஒரு பதிவின் கமென்ட்டுகளை எல்லாம் ஒரே உரையாகச் சேர்த்தால் எண்ணிக்கை குறையும். ஆனால் ஓர் உரைக்கு 65,536 எழுத்து என்ற உச்சவரம்பை நீண்ட விவாதங்கள் தாண்டிவிடும். வழக்கமான ஏபிஐயில் எப்படி ஏற்றினாலும், எழுதியவராக ஸ்கிரிப்ட் பயன்படுத்தும் உங்கள் பாட் கணக்கும் தேதியாக இன்றைய நாளும்தான் தெரியும். உண்மையான பெயரையும் தேதியையும் ஒவ்வொரு உரையின் முதல் வரியில் எழுதுங்கள்.

ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வெற்றியையும் உடனே வட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். பதில் வராமல் டைம்அவுட் ஆனாலும் இஷ்யூ அங்கே உருவாகியிருக்கலாம். பார்க்காமல் மறுபடி அனுப்பினால் இரட்டைப் பதிவாகிவிடும்.

கேள்வி: பழைய கமென்ட்டுகளை அப்படியே ஒட்டினால் போதாதா?

பதில்: கூடாது. பக்ஸில்லா உரை வெறும் உரை, கிட்ஹப் அதை, குறிகளை வடிவமைப்பாக மாற்றும் மார்க்டவுனாகப் படிக்கும். ஜிடிபி என்ற வழு தேடும் கருவி தரும் பேக்ட்ரேஸில் (நிரல் நின்ற இடம்வரை வந்த அழைப்புகளின் பட்டியலில்) ஒவ்வொரு வரியும் #1, #2 என்றுதான் தொடங்கும். அவை எல்லாம் இஷ்யூ இணைப்புகளாகிவிடும். ஜாவா, பைதான் கோடில் @ போட்டு வரும் சொற்களும் ஆபத்து. அதே பெயரில் கிட்ஹப்பில் ஒரு கணக்கு இருந்தால், யாரோ ஒருவருக்கு அறிவிப்புகள் குவியும். பேக்ட்ரேஸையும் கோடையும் மூன்று பேக்டிக் (`) குறிகளால் ஆன வேலிக்குள் வையுங்கள். உள்ளேயே மூன்று இருந்தால் நான்கு போடுங்கள். மற்ற இடங்களில் @ குறிக்குப் பின் அகலமற்ற இடைவெளி ஒன்றைச் செருகினால் அறிவிப்பு போகாது. முதலில் ஒரு பிரைவேட் களஞ்சியத்தில் ஏற்றிப் பாருங்கள்.

பொதுப் பதிவுகளை பக்ஸில்லாவின் ஏபிஐயில் உள்நுழையாமல் எடுங்கள். நிர்வாகிக் கணக்கில் எடுத்தால், மறைத்து வைத்த பாதுகாப்பு வழுக்களும் தனிப்பட்ட கமென்ட்டுகளும் முழு மின்னஞ்சல் முகவரிகளும் அதே கோப்பில் வந்து, கவனிக்காமலே வெளியாகிவிடும். மறைவான பதிவுகளைப் பொறுப்பாளர்கள் தனியாகக் கையாளட்டும்.

கேள்வி: மூடப்பட்ட வழுக்களையும் கொண்டுபோக வேண்டுமா? வழுவோடு இணைத்த பேட்ச் (கோடு மாற்றக் கோப்பு), ஸ்கிரீன்ஷாட் போன்ற கோப்புகள்? பழைய சர்வரை எப்போது நிறுத்தலாம்?

பதில்: மூடியவற்றையும் கொண்டுபோங்கள். ஒரு கோடு ஏன் இப்படி விசித்திரமாக இருக்கிறது என்பதற்கான பதில் பெரும்பாலும் மூடிய பதிவில்தான் இருக்கும். லேபிள்களைக் குறையுங்கள், கூறு, வகை இரண்டும் போதும்.

இஷ்யூவில் கோப்பு இணைக்க கிட்ஹப் ஏபிஐயில் வழி இல்லை. எனவே இணைத்த கோப்புகளைப் பழைய எண்ணிலேயே ஒரு நிலையான தளத்தில் வைத்து, இஷ்யூவிலிருந்து சுட்டுங்கள். பழைய டிராக்கரைப் படிக்க மட்டும் என்று பூட்டிய பிறகே இறுதி ஏற்றுமதியை எடுங்கள். பிறகு பக்கங்களை எச்டிஎம்எல்லாகச் சேமித்து பக்ஸில்லாவை அணைத்துவிடலாம். டொமைனை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய முகவரியில் வினாக்குறிக்குப் பின்னால் வரும் எண்ணை அட்டவணையில் தேடி, புது இஷ்யூவுக்கு 301 (நிரந்தரத் திருப்பல்) கொடுக்கும்படி, வலை சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸில் ஒரு மேப் (எண்களைப் பொருத்தும் பட்டியல்) எழுதுங்கள். அட்டவணையில் இல்லாத எண் சேமித்த பக்கத்துக்குப் போகட்டும்.