டிசி6150 டேப் கழன்றுவிட்டால்

அண்ணாச்சி, பாளையங்கோட்டை அச்சகத்துப் பழைய டிசி6150 கார்ட்ரிட்ஜை (கணினித் தகவலைச் சேமித்து வைக்கும் காந்த நாடாப் பெட்டி) டிரைவில் போட்டதுமே டேப் சுருளைவிட்டுக் கழன்றுவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். இந்த வகையில் டேப்பின் நுனி சுருளோடு ஒட்டப்பட்டிருக்காது. நுனிக்கு முன்னால் இருக்கும் துளைகளை ஒளி உணரி பார்த்தால்தான் மோட்டார் நிற்கும். உணரியிலோ கார்ட்ரிட்ஜுக்குள் உள்ள சின்னக் கண்ணாடியிலோ தூசி படிந்தால் துளை தெரியாமல் டேப் முழுசும் ஓடிக் கழன்றுவிடும். இரண்டையும் துடைக்காமல் அடுத்த கார்ட்ரிட்ஜைத் தயவுசெய்து போடாதீர்கள்.

டிரைவின் ரப்பர் உருளையை விரலால் தொட்டுப் பாருங்கள். கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டினால் மாற்றியே ஆகவேண்டும். கார்ட்ரிட்ஜுக்குள் சுருள்களைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருந்தால் அதே வகையில் நல்லதொன்றிலிருந்து எடுத்து மாட்டலாம்.

கழன்ற டேப்பைச் சரிசெய்ய, கார்ட்ரிட்ஜின் அடித்தட்டுத் திருகுகளைக் கழற்றி, கையுறையோடு டேப்பின் நுனியைச் சுருளில் சில சுற்றுச் சுற்றுங்கள். கணினியில் படிக்கும்போது பிளாக் (ஒரு தடவையில் படிக்கும் தகவல் துண்டு) அளவு 512 பைட். முதலில் முழு இமேஜ் (டேப்பில் உள்ளதன் அப்படியே நகல்) எடுங்கள், கோப்புகளைப் பிறகு பிரிக்கலாம்.