ஒன்றரை லட்சத்தில் தென்கிழக்கு ஆசியா: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

தென்கிழக்கு ஆசியாவில் குறைந்த பணத்தோடு மாதக்கணக்கில் சுற்றுவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பலர் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது, மூன்று மாதம் லீவு. மலேசியா, தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம், இந்தோனேசியா எல்லாம் பார்க்க முடியுமா? (கோவை)

ஆறு நாட்டுக்குப் போதாது தம்பி. விமான டிக்கெட், விசா, காப்பீடு, இடையில் பஸ், ரயில் என்று ஐம்பதாயிரம் போய்விடும். மீதி ஒரு லட்சத்தை 90 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 1,100 ரூபாய். வியட்நாம் தலைநகர் ஹனோயில் டார்மில் (பலர் சேர்ந்து தங்கும் அறை) ஒரு படுக்கை 500 ரூபாய் பக்கம், தெருக்கடையில் ஒரு கிண்ணம் ஃபோ நூடுல்ஸ் சூப் 50,000 டாங், அதாவது நம் பணத்தில் 170 ரூபாய் பக்கம். மூன்று வேளை சாப்பிட்டுப் படுத்தாலே 1,100 முடிந்தது, ஒரு நாள் காய்ச்சல் வந்தால் மருந்துக்குக்கூட மிச்சமில்லை.

நாடுகளைக் குறையுங்கள். பணம் கரைவது பெரும்பாலும் ஓர் ஊரில் தங்குவதில் இல்லை, ஊர் மாறுவதில்தான். ஒவ்வொரு முறையும் பஸ் கட்டணம், ஸ்டேஷனுக்குப் போக வர வண்டி, புது ஊரில் இருட்டிய பிறகு கிடைத்த விலைக்குப் பிடித்த அறை, எந்தக் கடை மலிவு என்று தெரியாமல் சாப்பிட்ட முதல் இரண்டு சாப்பாடு, இதெல்லாம் சேர்ந்தால் அங்கேயே இரண்டு நாள் கூடுதலாக இருந்த செலவு வந்துவிடும். பத்து நாள் ஒரே இடத்தில் இருந்தால் வாடகையையும் பேசிக் குறைக்கலாம். உங்கள் பணத்துக்கு மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், இரண்டரை மாதம், இது சரியாக வரும். மலேசியாவுக்கு நமக்கு விசா கட்டணம் இல்லை. 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் 30 நாள் விடுகிறார்கள். தாய்லாந்து 2024 ஜூலையில் விசா இல்லாமல் தங்குவதை 60 நாள் ஆக்கியது, ஆனால் இந்த விதிகள் அடிக்கடி மாறும், டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள். வியட்நாம் மின்விசா 25 டாலர், 90 நாள் வரை.

திருச்சியிலிருந்து எப்படிப் போவது மலிவு?

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது, அங்கே ஆரம்பியுங்கள். பினாங்கு பார்த்துவிட்டு ரயிலில் தாய்லாந்து எல்லையில் இருக்கும் பாடாங் பெசார். இரண்டு நாட்டுக் குடிவரவு மேசைகளும் அந்த ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கின்றன, இறங்கி முத்திரை வாங்கிக்கொண்டு தெற்குத் தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு ரயில் ஏறலாம். அங்கிருந்து பாங்காக்குக்கு இரவு ரயில், ஒரு இரவு அறை வாடகை மிச்சம்.

பாங்காக்கிலிருந்து ஹனோய்க்கு மட்டும் தரைவழியாகப் போகவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். லாவோஸ் வழியாகப் போனால் விசாவுக்கே 40 டாலர், அதன் தலைநகர் வியன்டியானிலிருந்து ஹனோய்க்குப் பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு முழு நாள். முன்கூட்டியே போட்ட விமான டிக்கெட் பெரும்பாலும் இதைவிடக் குறைவு.

தாய்லாந்துக்கு ஒருவழி டிக்கெட் மட்டும் போட்டால் போதுமா?

போதாது. நாட்டைவிட்டு வெளியேறும் டிக்கெட் எங்கே என்று நம் ஊர் விமான நிலையக் கவுண்டரிலேயே கேட்பார்கள், இல்லையென்றால் ஏற்றாமல் விடலாம். போலி டிக்கெட் அச்சடித்துத் தரும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். மேலே சொன்ன பாங்காக்–ஹனோய் டிக்கெட்டை முதலிலேயே வாங்கிவிட்டால் அதையே காட்டலாம். ஆளுக்கு 20,000 பாட் (தாய்லாந்துப் பணம்) இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இணையத்தில் வருகை அட்டை நிரப்பவேண்டும், இரண்டும் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் பத்தி காலி. வியட்நாம் மின்விசாவில் சிக்கல் வருமா?

நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் இந்தக் கவலை இருக்கிறது. மின்விசாப் படிவத்தில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரித்து எழுதியிருந்தால் விரித்தே எழுதுங்கள், ஓர் எழுத்தும் மாறக்கூடாது. தவறான பெயரில் வந்த விசா செல்லாது, திரும்பவும் 25 டாலர் கட்டவேண்டும். விமான டிக்கெட்டில் காலிப் பத்தியை எப்படி நிரப்புவது என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு முறை வைத்திருக்கிறது, கேட்டுக்கொண்டு போடுங்கள்.

சுத்த சைவம், பட்டினிதானா?

இல்லவே இல்லை. பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடே கிடைக்கும். தாய்லாந்தில் 'ஜே' என்று கேளுங்கள், மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும் கடைகள். மீன் சாஸ்கூடப் போடமாட்டார்கள். வியட்நாமில் 'சாய்'. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால் அன்றைக்கு அந்தக் கடைகளில் நல்ல கூட்டம்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது?

தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவில் பிடிப்பார்கள், அதனால் சிறுகச் சிறுக எடுக்காதீர்கள். ரூபாயில் கழிக்கவா, பாட்டில் கழிக்கவா என்று திரை கேட்டால் எப்போதும் பாட். ரூபாயைத் தொட்டால் மாற்று விலையில் நன்றாக இழப்பீர்கள்.

வடக்கு வியட்நாமின் ஹா ஜியாங் மலைப்பாதையில் பைக் ஓட்ட ஆசை. நம் சர்வதேச உரிமம் போதும்தானே?

வியட்நாமில் அது செல்லாது. இந்தியா தருவது 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படியான உரிமம், அவர்கள் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையினுடையது. வாடகைக் கடைக்காரர் எதுவும் கேட்காமல் சாவியைத் தந்துவிடுவார். ஆனால் விழுந்து கால் உடைந்தால், செல்லும் உரிமம் இல்லை என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும், அந்த ஆஸ்பத்திரிச் செலவில் உங்கள் பயணமே முடிந்துவிடும். தயவுசெய்து ஓட்டாதீர்கள். உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு அங்கே சாதாரணம், மலையையும் நிம்மதியாகப் பார்க்கலாம்.

எந்த மாதம் கிளம்பலாம் அக்கா?

ஜனவரி நடுவில். நவம்பர், டிசம்பரில் ஹாட்யாய் பக்கம் வெள்ள பயம், 2025 நவம்பரில் ஊரே மூழ்கியது. வியட்நாமின் ஹூவே, ஹோய் ஆன் ஊர்களுக்கு மழையால் அக்டோபர், நவம்பர் ஆகாது. டெட் என்னும் வியட்நாமியச் சந்திரப் புத்தாண்டு முடிந்த பிறகு அந்த நாட்டுக்குள் போங்கள், அந்த வாரங்களில் ரயில் சீட்டு கிடைக்காது. வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாய் மட்டும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயல் எரிக்கும் புகையில் இருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த ஊரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.