பக்கவாதத்தால் விழுந்த கைக்கு ரோபோ பயிற்சி பலன் தருமா? பணம் கட்டலாமா?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது, வலது கை எழவில்லை, ரோபோ பயிற்சிக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கும் வலது கைதான் விழுந்தது. நான் மருத்துவர் அல்ல. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததையும் பிறகு தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்: அப்பாவின் கை எத்தனை முறை தானாக முயல்கிறது என்பதற்குத்தான் பணம் கட்ட வேண்டும். அந்த எண்ணிக்கையைக் கூட்டித் தருவதுதான் இயந்திரத்தின் வேலை.

அம்மா போன மையத்தில், முன்கையை ஒரு தொட்டில் போன்ற பிடியில் வைத்துப் பட்டையால் கட்டுவார்கள். எதிரே திரையில் நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் எட்டுப் புள்ளிகள். கையை நகர்த்தி ஒவ்வொன்றாகத் தொட்டுத் திரும்ப வேண்டும். முதல் இரண்டு வாரம் இயந்திரமே கையை இழுத்துக்கொண்டு போனது. அம்மா பாதி நேரம் கண்ணயர்ந்துவிடுவார், கை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே பயிற்சியாளர் மூன்று பேரின் இயந்திரங்களை முடுக்கிவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவார். அந்த இரண்டு வாரம் வீணாய்ப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு வந்த பிசியோதெரபிஸ்ட் தம்பி செய்த முதல் காரியம், இயந்திரத்தின் உதவியைக் குறைத்தது. கை பாதி வழியில் நின்றுவிட்டது. அம்மா தோளைத் தூக்கி, உடம்பைச் சாய்த்துத் தள்ளப் பார்த்தார். அந்தத் தம்பி அம்மாவின் தோள் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி, “தோள் வேண்டாம் அம்மா, முழங்கையை நீட்டுங்கள்” என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. கை இரண்டு விரற்கடை நகர்ந்தது. அது அம்மா நகர்த்தியது.

இந்த வகை இயந்திரங்களுக்கு முன்னோடி அமெரிக்காவின் எம்ஐடியில் நெவில் ஹோகன், ஹெர்மனோ ஈகோ க்ரெப்ஸ் ஆகியோர் உருவாக்கிய ‘எம்ஐடி-மேனஸ்’. தொழிற்சாலை ரோபோ தன் பாதையை விட்டு விலகாது, கை குறுக்கே வந்தாலும் இழுத்துக்கொண்டு போகும். இதுவோ கை தள்ளினால் விட்டுக்கொடுக்கும், கை தயங்கும் இடத்தில் மட்டும் தாங்கும். அந்த உதவியை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வர ஆள் இல்லையென்றால், கட்டும் பணம் கை ஊஞ்சலாடுவதற்குத்தான்.

எண்ணிக்கையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 2009இல் வெளியான ஒரு ஆய்வுக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் வழக்கமான சிகிச்சையை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது, கையால் ஒரு வேலையைச் செய்து பழகுவது ஒரு அமர்வுக்குச் சராசரியாக 32 முறைதான் நடந்திருந்தது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ரோபோவோடு பயிற்சி எடுத்தவர்களுக்கு ஒரு அமர்வுக்கு 1,024 அசைவுகள் இலக்கு. ஆனால் அதே ஆய்வில், ரோபோ இல்லாமல் அதே தீவிரத்தில் சிகிச்சையாளர் கையால் கொடுத்த பயிற்சியும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. 2019இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு இன்னும் பெரியது, 770 பேர். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், 45 நிமிடம். கைத்திறன் தேறியவர்கள் ரோபோ பிரிவில் 44 விழுக்காடு, அன்றாட வேலைகளையே திரும்பத் திரும்பப் பழக்கிய பிரிவில் 50, வழக்கமான சிகிச்சையில் 42. இந்த வித்தியாசங்கள் ஒன்று மற்றதைவிட மேல் என்று சொல்லப் போதுமானவை அல்ல. ஆகவே “ரோபோ வைத்தால் கை வந்துவிடும்” என்று யாராவது உறுதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

திரையில் புள்ளியைத் தொடும் கை, வீட்டில் டம்ளரை நோக்கிப் போவதில்லை. அம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது. இடது கை முந்திக்கொள்ளும். அதனால் தினமும் இரண்டு வேளை, மேசை துடைப்பது, தாழ்ப்பாள் தள்ளுவது, துண்டை மடிப்பது என்று வலது கைக்கென்றே வேலைகள் வைத்தோம். கூடத்துத் தாழ்ப்பாளை அவர் தானாகத் தள்ளித் திறக்க ஐந்து மாதம் ஆயிற்று.

விரல்கள் தனிக் கதை. அம்மா பயன்படுத்தியது போன்ற இயந்திரம் தோளுக்கும் முழங்கைக்கும்தான். விரல் விரிவதற்கும் மணிக்கட்டுக்கும் வேறு கருவி வேண்டும். சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் சேர்ந்து உருவாக்கிய ‘ப்ளூட்டோ’ அந்த வகை. ஒரே மோட்டார், பயிற்சிக்கு ஏற்பக் கைப்பிடியை மாற்றிக்கொள்ளலாம். பெரிய இயந்திரங்களோடு ஒப்பிட்டால் சிறியது. அப்பாவின் தோளும் முழங்கையும் ஓரளவு அசைந்து, விரல் மட்டும் மூடியே இருந்தால் இப்படிப்பட்டது எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள்.

பணம் கட்டுமுன் ஒரு அமர்வை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பயிற்சியாளர் கூடவே இருக்கிறாரா, உதவியின் அளவை யார், எதைப் பார்த்து மாற்றுகிறார், வீட்டில் செய்ய என்ன வேலை எழுதித் தருகிறார் என்று கேளுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கட்டாதீர்கள். தோளில் வலியோ, தோள் மூட்டு இறங்கியதோ இருந்தால் கையைக் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். முதல் சில மாதங்களில்தான் தேறுவது வேகமாக இருக்கும். இடம் கிடைக்கும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே மேசை துடைப்பதில் தொடங்கிவிடுங்கள். துணிக்கு மேல் அப்பாவின் கை, அதன் மேல் உங்கள் கை. அவர் தள்ளத் தொடங்கும் இடத்தில் உங்கள் பிடியைத் தளர்த்துங்கள்.