கூப்பிட்டவர்கள் யார்

மதிப்புக்குரிய ஐயா,

நான் கல்முனையில் ஞாயிறு மறைப்பாடம் கற்பிப்பவள். சென்ற வாரம் மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், தாவீது அரசர் வழியாக யோசேப்பில் முடியும் வம்சப் பட்டியலை வாசித்தபோது ஒரு பையன் கேட்டான்: “யோசேப்பு பெற்ற தகப்பன் இல்லையென்றால், அவருடைய வம்சத்தைக் காட்டி இயேசுவைத் ‘தாவீதின் மகன்’ என்று எப்படிச் சொல்வது? நம்முடைய ஊரில் தாயின் குடிதானே பிள்ளையின் குடி? மரியா என்ன குடி?” வகுப்பு சிரித்தது. எனக்கு விடை வரவில்லை. லூக்காவின் பட்டியல் ஏன் வேறாக இருக்கிறது, ‘மெசியா’வும் ‘தாவீதின் மகன்’ என்பதும் ஒன்றா என்பதையும் விளக்குவீர்களா?

*

அன்புள்ள மகளுக்கு,

அந்தப் பையனைச் சிரித்து அடக்கிவிட வேண்டாம். குடி என்கிற குலப்பிரிவைத் தாய்வழியாகக் கணக்கிடும் மட்டக்களப்புப் பிள்ளை ஒருவனால் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது.

விடை சிறியது. வானதூதர் கனவில் யோசேப்பை ‘தாவீதின் மகனே’ என்றுதான் அழைக்கிறார்; குழந்தைக்குப் பெயரிடும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைக்கிறார். பெயரிட்டு ஏற்றுக்கொண்டவர் சட்டப்படி தகப்பன், அவருடைய வம்சமே பிள்ளையின் வம்சம். பட்டியல்களைப் பொறுத்தவரை, தாவீதின் பிள்ளைகளில் மத்தேயு சாலமோன் வழியாகவும் லூக்கா நாத்தான் வழியாகவும் இறங்குகிறார்கள். அவற்றை ஒட்டவைக்க நூற்றாண்டுகளாகப் பலர் முயன்றிருக்கிறார்கள், நான் அந்த வேலைக்கு வரவில்லை. ‘மெசியா’ என்றால் எண்ணெய் பூசப்பட்டவர், குருக்களுக்கும் எண்ணெய் பூசினார்கள். ‘தாவீதின் மகன்’ என்பதோ அரியணையை மட்டும் சுட்டும் பெயர். இவ்வளவு போதும்.

ஆனால், தாய்வழியே போனால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நீங்களும் உள்ளூர நினைப்பதாகத் தெரிகிறது. மரியாவின் உறவினர் எலிசபெத்து, குருக்களின் முன்னோரான ஆரோனின் வழிமரபினர் என்று லூக்காவே எழுதுகிறார். நம்முடைய வயிற்றுவார் என்கிற தாய்வழிக் கணக்கை அங்கே கொண்டுபோனால் இயேசு அரச குடியை விட்டுக் குருக்களின் குடிக்குப் போய்விடவும் கூடும்! கொக்கட்டிச்சோலைச் சிவன் கோவிலில் எந்தக் குடிக்கு எந்த மரியாதை என்று அறிந்து வளர்ந்தவர்கள் நாம், ஞானஸ்நானம் பெற்ற பிறகும், புதிய ஆள் ஒருவரைக் கண்டால் நம் வாயில் முதலில் வருவது “என்ன குடி?” என்பதுதான். அந்தக் கேள்வியை நற்செய்திக்குள்ளும் கொண்டுபோய், இரத்தம் எந்த வாய்க்காலால் ஓடியது என்று தேடுகிறோமே தவிர, இந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்கள் யார் என்று பார்ப்பதில்லை. கற்பிக்கிற நீங்களும் பார்க்காதது எனக்குக் கோபம்தான்.

பாருங்கள். மத்தேயுவில் இயேசுவை நோக்கி ‘தாவீதின் மகனே’ என்று குரல் கொடுப்பவர்கள் பார்வையற்றவர்கள், பேய்பிடித்த மகளுக்காக மன்றாடும் கானானியப் பெண், குருத்தோலைக் கூட்டம், கோவிலில் ஆர்ப்பரிக்கும் சிறுவர்கள். சீடர்களில் ஒருவர்கூட ஒருதடவையாவது அப்படி அழைத்ததாக நான்கு நற்செய்திகளிலும் இல்லை. கி.மு. 63இல் உரோமைத் தளபதி பொம்பேயு எருசலேமைப் பிடித்ததன் பின் எழுந்த ‘சாலமோனின் சங்கீதங்கள்’ என்ற யூத நூல், பிற இனத்தாரைத் துரத்தி நகரைத் தூய்மையாக்கப்போகிற அரசரை இதே பெயரால் வேண்டுகிறது. துரத்தப்பட வேண்டிய இனத்தவளான அந்தக் கானானியப் பெண்ணே பின்னர் அந்தப் பெயரைச் சொல்லி உதவி கேட்கிறாள்.

இதற்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. தாவீது, அங்கே குடியிருந்த எபூசியர் என்ற இனத்தாரிடமிருந்து எருசலேமைக் கைப்பற்றப் போனபோது, குருடரும் முடவருமே உன்னைத் தடுத்துவிடுவார்கள் என்று அவர்கள் ஏளனம் செய்தார்கள். அந்த ஏளனத்திலிருந்து, குருடரும் முடவரும் வீட்டுக்குள் வரக் கூடாது என்ற பேச்சு வழங்கிவந்ததாக 2 சாமுவேல் 5:8 சொல்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அது ‘ஆண்டவரின் வீடு’ என்றே இருக்கிறது. சிடுக்கான வசனம்தான், எபூசியரை மட்டும் குறித்தது என்று வாதிடுவோரும் உண்டு. இருக்கட்டும். மத்தேயு 21ஆம் அதிகாரத்தில், ‘தாவீதின் மகனுக்கு ஓசன்னா’ என்ற ஆரவாரத்தோடு அதே நகருக்குள் வருகிற இயேசு, கோவிலில் காசு மாற்றுவோரை வெளியேற்றுகிறார். அடுத்த வசனங்களிலேயே பார்வையற்றோரும் கால் ஊனமுற்றோரும் கோவிலுக்குள் அவரிடம் வருகிறார்கள், அவர் குணமாக்குகிறார். மற்ற மூன்று நற்செய்தியாளரும் சொல்லாத இதை மத்தேயு மட்டும், அதுவும் அந்த இடத்தில், எழுதிவைத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. தாவீதின் பெயரால் மூடப்பட்ட கதவைத் தாவீதின் மகன் திறக்கிறார். மத்தேயு தந்த வம்சப் பட்டியலுக்கு அவரே எழுதிய பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதை நான் வெகு தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். என் அம்மம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்து இரண்டு கண்ணும் தெரியாமற் போயிருந்த காலம். வாவிக்கரையில் இருந்த எங்கள் வீட்டுத் திண்ணையில், செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிக்குப் பிறகும் அவர் தாமாகவே ‘தாவீதின் மகனே, எனக்கு இரங்கும்’ என்று சேர்த்துக்கொள்வார். மறைப்பாடத்தில் அப்போதுதான் பரிசு வாங்கியிருந்த நான், தாவீது யார் என்று தெரியுமா என்று அவரைச் சோதித்தேன். “ராசாவோ ஆரோ, எனக்கென்ன மனே தெரியும். கூப்பிட்டா நிக்கிற ஆள்” என்றார். நான் சிரித்துவிட்டு, பட்டியலில் மூன்று தடவை 14 தலைமுறை வருவதையும், எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு என்பதால் தாவீதின் பெயரைக் கூட்டினால் நான்கும் ஆறும் நான்குமாக அதே 14 வருவதையும் கண் தெரியாத அந்த மனுசிக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். அவர் “சரி மனே” என்றார்.

எரிகோவில் பார்வையற்ற பிச்சைக்காரனான திமேயுவின் மகன் இதே பெயரைச் சொல்லிக் கத்தியபோது கூட்டம் அவனை அதட்டியது. ‘இயேசு நின்றார்’ என்று மாற்கு எழுதுகிறார். எழுத்தறியாத அம்மம்மா அந்த வினைச்சொல்லைச் சரியாகப் பிடித்து வைத்திருந்தார். பரிசு வாங்கிய எனக்கு எண்கள் மட்டுமே நினைவில் இருந்தன.

வரும் ஞாயிறு அந்தப் பையனை எழுப்பி 2 சாமுவேல் ஐந்தாம் அதிகாரத்தையும் மத்தேயு 21ஐயும் அடுத்தடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் அவன் மரியாவின் குடியையே கேட்டால், அவனுடைய குடி என்னவென்று எனக்கு எழுதி அனுப்புங்கள்.