நைஜீரியாவைக் காணோம்

‘கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-ல் சொன்ன வெகெனரைப் பேராசிரியர்கள் கேலி செய்தார்கள். கடைசியில் ஜெயித்தது அவர்தான். இன்று லெமூரியாவைக் கேலி செய்பவர்களும் நாளை தலைகுனிவார்கள் அல்லவா?’
– ஒரு கல்லூரி மாணவர்

அன்புள்ள தம்பி,

லெமூரியாவை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். மடகாஸ்கர் லெமூர்களுக்கு உறவான விலங்குகள் இந்தியாவிலும் இருக்கின்றனவே என்று யோசித்து, கடலில் மூழ்கிய ஒரு நிலத்தை 1864-ல் ஊகித்தவர் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். நிலங்களே நகர்ந்தவை என்றானதும் அந்த ஊகத்துக்கு வேலை போயிற்று. வேலையைப் பறித்தவரையே சாட்சிக்கு அழைக்கிறீர்கள்!

என்னை உறுத்துவது ‘கேலி’ என்ற சொல். வெகெனர் வானிலை ஆய்வாளர்; ‘வானிலைக்காரனுக்குப் பாறையில் என்ன வேலை’ என்ற பேச்சு அற்பத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாமே கேலி இல்லை. பூமியின் சுழற்சி விசையும், நிலவும் சூரியனும் இழுக்கும் அலையேற்ற விசையும் கண்டங்களைத் தள்ளுகின்றன என்றார் வெகெனர். அவை போதவே போதாது என்று ஜெஃப்ரீஸ் என்ற பிரிட்டிஷ் புவி இயற்பியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கு சரி. கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் நகர்கிறது என்றார் வெகெனர். உண்மையில் சில சென்டிமீட்டர்தான். கடல்தரை நடுவில் பிளந்து விரிவது 1960-களில் தெரிந்த பிறகே அவர் கொள்கைக்குக் கால் முளைத்தது.

அவர் பெரியவர்தான், மறுக்கவில்லை. கிழிந்த செய்தித்தாளில் ஓரம் பொருந்தினால் போதாது, எழுத்து வரிகளும் தொடர வேண்டும் என்று பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைத்த, மெசோசாரஸ் என்ற ஒரே பழங்கால ஊர்வனவின் எலும்புகளைக் காட்டினார். 1930 நவம்பரில், ஐம்பது வயதில், பனிப்பரப்பின் நடுவே முகாமில் இருந்த சகாக்களுக்குச் சாமான் கொண்டுபோய்த் திரும்பும் வழியில் கிரீன்லாந்திலேயே இறந்தார். கேலி செய்யப்பட்டேன் என்று உட்கார்ந்திருந்தவர் இல்லை. நீங்கள் அவர் உழைப்பை விட்டுவிட்டு அவமானத்தை மட்டும் இரவல் கேட்கிறீர்கள்.

எட்டாம் வகுப்பில் பழைய அட்லஸிலிருந்து தென் அமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் பிளேடால் வெட்டி நோட்டில் ஒட்டினேன். பிரேசிலின் மூக்கு கினி வளைகுடாவுக்குள் போனது; ஓரிடம் மட்டும் இடித்தது. நைசாகச் சீவிவிட்டேன். வாத்தியார் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “நைஜீரியாவ எங்கடா காணோம்?” என்றார். காதைத் திருகியது இன்னும் சுடுகிறது.

பல வருஷம் கழித்துப் படித்தேன்: நைஜர் டெல்டாவின் வண்டல், கண்டங்கள் பிரிந்த பிறகு ஆறு கொண்டுவந்து கொட்டியதாம். அதை நீக்கிவிட்டுப் பொருத்துவதுதான் முறையாம்! ஓடிப்போய்ச் சொல்லத் தோன்றியது. சொல்லியிருந்தால், “அது உனக்கு அப்போ தெரியுமாடா?” என்று கேட்டு மறுகாதையும் திருகியிருப்பார்.