மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி

கேள்வி: விசாரணைக் கைதியான என் மகனை வார்டர்கள் இருவர் லத்தியால் அடித்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. 9 நாள் கழித்து சிறையில் மனு போட்டு அவனைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. வாசலில் 3 மணி நேரம் காக்க வைத்து ஏசினார்கள். இழப்பீடு கிடைக்குமா?
– ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, காக்க வைத்ததும் ஏசியதும் நெஞ்சைச் சுடும், ஆனால் வழக்கு அவற்றின் மேல் நிற்காது. கட்டுப் போட்ட அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் காயத்துக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறது என்பதே கேள்வி.

சிறையிலிருந்து அழைத்து வரும் வழிக்காவலர் பக்கத்திலேயே நிற்கும்போது மருத்துவர் கேட்டால், பயத்தில் "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிடுகிற கைதிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரியை வைத்தே அரசுத் தரப்பு மனுவை உடைத்துவிடும். லத்தி அடி பட்ட இடத்தில் நடுவில் வெளிறி, இருபுறமும் இரண்டு சிவந்த கோடுகள் ஓடும்; வழுக்கி விழுந்த காயத்தில் அது பொதுவாக வராது. ஆனால் அது சுமார் இரண்டு வாரத்தில் மறைந்துவிடும் என்பதால், அந்தத் தடத்தைப் பதிவு செய்ய இனி எஞ்சியிருப்பவை சில நாள்களே. காவலில் மகனை இழந்த ஒடிசாத் தாய் நீலாபதி பெஹராவின் கடிதத்தையே மனுவாக ஏற்று, 1993-இல் உச்ச நீதிமன்றம் 1,50,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. ரயிலில் அடிபட்டு இறந்தார் என்ற போலீஸ் வாதம், காயங்கள் லத்தியாலும் ஏற்படலாம் என்ற மருத்துவர் சாட்சியத்தின் முன் நிற்கவில்லை.

ஆகவே நாளைக்கே, ரிமாண்ட் செய்த நீதித்துறை நடுவரிடம், மகனைக் காணொலியில் அல்லாமல் நேரில் வரவழைத்து வாக்குமூலம் பெறவும், வேறு மருத்துவர் பரிசோதிக்கவும், சிசிடிவி பதிவை அழியாமல் காக்கவும் மனு கொடுங்கள். காணொலியில் கேமராவுக்கு அப்பால் வார்டர் நிற்பார். உங்கள் மகன் வாய் திறக்க மாட்டான்.

இன்னொரு பள்ளம் உண்டு. நீங்கள் புகார் கொடுத்ததும், வார்டரைத் தாக்கியதாக மகன் மேல் எதிர்வழக்கு வரலாம். பிறகு "புகார் இல்லை என்று எழுதிக் கொடுங்கள், அதை விட்டுவிடுகிறோம்" என்பார்கள். வழக்கறிஞர் இல்லாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்க 1 ஆண்டு வரை அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு விசாரிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை.

பதிவேட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதியிருந்து, மறுபரிசோதனையிலும் எதுவும் கிடைக்காமல், சாட்சி சொல்லச் சக கைதியும் முன்வராவிட்டால், வெளிப்படையாகச் சொல்கிறேன்: வார்டர்களைத் தண்டிக்கும் வழக்கில் பணத்தையும் ஆண்டுகளையும் இழக்காதீர்கள். வேறு சிறைக்கு மாற்றமும் கைக்குச் சிகிச்சையும் கேட்டு வாங்கிக்கொண்டு, ஜாமீனுக்கு முயலுங்கள். அவன் உள்ளே இருக்கும்வரை, அடித்தவர்கள் கையில்தான் சாவி இருக்கிறது.